மாமனார் வழிப் பட்டம் மகனுக்கு வருமா?

கேள்வி: என் சொந்த ஊர் மதுரை. அயர்லாந்தில் கார்க் நகரத்தில் நர்ஸாக இருக்கிறேன். கணவர் ஐரிஷ்காரர், கத்தோலிக்கர். 2012-இல் மதுரையில் ஒரு கோயிலில் தாலி கட்டித் திருமணம் நடந்தது, பதிவு செய்யவில்லை. 2013-இல் மகள், 2015-இல் மகன். அப்புறம் ஆவணங்களுக்குத் தேவைப்பட்டதால் 2016-இல் டப்ளினில் சிவில் திருமணம் செய்துகொண்டோம். இப்போது கணவரின் தூரத்து உறவினரான, வைகவுண்ட் என்ற பிரபு பட்டம் வைத்திருந்த ஒருவர் பிள்ளையில்லாமல் இறந்துவிட்டார். அடுத்த வாரிசு என் மாமனார்தான் என்று குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். மாமனாருக்கு ஆண் பிள்ளை என் கணவர் மட்டும்தான். மற்ற இருவரும் பெண்கள். மாமனாருக்குப் பட்டம் வருமா? வந்தால், மூத்தவள் என்று என் மகளுக்குப் போகுமா, மகனுக்குப் போகுமா? பட்டத்தோடு வீடு, நிலம் ஏதும் உண்டா? இணையத்தில் ஐரிஷ் பட்டங்களை விலைக்கே தருகிறார்களே, அதில் ஒன்றை வாங்கினால் என்ன? ஊரில் அம்மா இப்போதே எல்லோரிடமும் ‘பிரபு வீட்டுச் சம்பந்தம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கார்க்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமனாருக்குப் பட்டம் வர வாய்ப்பு இருக்கிறது. வந்தால் அவருக்குப் பின் உங்கள் கணவருக்குப் போகும். மகளுக்கு வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மகன் விஷயத்தில்தான் சிக்கல். அந்தச் சிக்கல் அயர்லாந்தில் இல்லை, 2012-இல் மதுரையில் நடந்த கல்யாணத்தில் இருக்கிறது. வீடு, நிலம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். இணையத்தில் விற்கும் பட்டத்தைத் தொடவே தொடாதீர்கள்.

பட்டத்தின் பெயரையும் நான்கு தலைமுறை வம்ச மரத்தையும் அனுப்பியிருந்தீர்கள். அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் இங்கே அவற்றைச் சொல்லவில்லை. லண்டனில் உயில், வாரிசுரிமை வழக்குகள் பார்க்கிறவன் நான். பட்டக் கோரிக்கை அபூர்வமாகத்தான் வரும்; ஆனால் வேலை ஒன்றேதான். யார் யாருக்குப் பிறந்தார், அவர்களுக்கு எப்போது திருமணம் ஆனது, அதற்கு என்ன ஆதாரம், இவ்வளவுதான்.

பட்டம் யாருக்குப் போகும் என்பதைக் குடும்பம் முடிவு செய்வதில்லை, உயிலாலும் முடிவு செய்ய முடியாது. பட்டத்தை உண்டாக்கியபோது மன்னர் கொடுத்த பட்டயத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் எல்லாம். பெரும்பாலான ஐரிஷ் பட்டங்களில் அந்த வரி, இன்னாருக்கும் அவர் உடல்வழி பிறந்த ஆண் வாரிசுகளுக்கும், சட்டப்படியான திருமணத்தில் பிறந்திருந்தால், என்று போகும். ‘இன்னார்’ யார் என்பதைப் பொறுத்து ஒரு கிளையே உள்ளே வரும், அல்லது வெளியே நிற்கும்.

இதற்கு டஃபரின் குடும்பத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1884 முதல் 1888 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த அதே டஃபரின் பிரபுதான். காங்கிரஸ் தொடங்கியதும், மேல் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்ததும் அவர் காலத்தில். அவருடைய பூர்வீகம் வட அயர்லாந்தின் டவுன் மாவட்டம், பிளாக்வுட் குடும்பம். அந்தக் குடும்பத்தில் சர் ஜான் பிளாக்வுட் என்பவர், அயர்லாந்தை இங்கிலாந்தோடு இணைக்கும் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட டப்ளினுக்குக் கிளம்பி, பூட்ஸைக் காலில் மாட்டும்போதே உயிர் போய்விட்டது என்று குடும்பக் கதை. அது 1799. மகன் ஜேம்ஸ் கட்சி மாறி இணைப்பை ஆதரித்தார். கைம்மாறாக 1800-இல் ஒரு பாரன் பட்டம் வந்தது (பிரபு வரிசையில் கீழ்ப்படி அது; அதற்கு மேலே வைகவுண்ட், ஏர்ல், மார்க்வெஸ் என்று ஏறும்). ஆனால் பட்டம் ஜேம்ஸ் பெயரில் வரவில்லை; அம்மா டோர்க்கஸ் பெயரில் வந்தது. அவருக்குப் பின் சர் ஜானுக்கு அவர் பெற்ற ஆண் வழிக்குப் போகும்படி எழுதியிருந்தார்கள்.

அம்மா பெயரில் வந்ததால் என்ன ஆனது பாருங்கள். ஜேம்ஸ் 1836-இல் பிள்ளையில்லாமல் இறந்தார். பட்டம் அவர் பெயருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் என்று எழுதியிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். அம்மா பெயரில் இருந்ததால் தம்பி ஹான்ஸுக்குப் போனது, 1839-இல் ஹான்ஸின் மகன் பிரைஸுக்குப் போனது, 1841-இல் பிரைஸின் மகனுக்குப் போனது. அந்த மகன்தான் நம் வைஸ்ராய். அவர் தன் உழைப்பில் ஏர்ல் ஆனார், 1888-இல் ‘டஃபரின் அண்ட் ஆவா’ மார்க்வெஸ் ஆனார். ஆவா என்பது பர்மாவின் பழைய தலைநகரம். மூத்த மகன் போயர் போரில், 1900-இல் இறந்தார். இரண்டாவது மகன் பட்டத்துக்கு வந்தார், அவருக்குப் பெண் பிள்ளைகள் மட்டும். ஆகவே அவருடைய தம்பிக்குப் போனது. அவர் 1930-இல் விமான விபத்தில் இறந்தார். அவருடைய மகன் நான்காவது மார்க்வெஸ், 1945-இல் போரில் உயிர் விட்டது எங்கே தெரியுமா? பர்மாவில், அந்த ஆவா நகரத்துக்குப் பக்கத்தில்.

ஐந்தாவது மார்க்வெஸ் ஷெரிடன் 1988-இல் பிள்ளையில்லாமல் இறந்தார். வைஸ்ராய் சம்பாதித்த பட்டங்கள் எல்லாம் அவரோடு அற்றுப்போயின, ஏனென்றால் அவை வைஸ்ராயின் ஆண் வழிக்கு மட்டும் உரியவை. அந்த வழியில் இனி ஆள் இல்லை. ஆனால் 1800-இல் அம்மா டோர்க்கஸ் வாங்கிய சின்ன பாரன் பட்டம் சாகவில்லை. அவருடைய இளைய மகன்களில் ஒருவர் ஹென்ரி, ட்ரஃபால்கர் போரில் நெல்சனுடன் இருந்த கப்பல் கேப்டன். அவர் வழி வந்த ஒரு குடும்பம் ஆஸ்திரேலியாவில் இருந்தது. பட்டம் அங்கே போய்விட்டது. ஷெரிடனுக்கு மூத்த சகோதரிகள் இரண்டு பேர் அப்போது உயிரோடு இருந்தார்கள். அவர்களைத் தாண்டி, இருநூறு வருஷத்துக்கு முன் பிரிந்த கிளைக்குப் போனது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மூத்தவள் என்பதற்கு இதில் மதிப்பில்லை. இங்கிலாந்து அரச சிம்மாசனத்துக்கு மட்டும் 2013-இல் சட்டத்தை மாற்றி மூத்த பிள்ளை பெண்ணானாலும் வாரிசு என்றார்கள். பிரபுக்களின் பட்டங்களைத் தொடவில்லை. வைஸ்ராய் கர்ஸன் நினைவிருக்கும். ஐரிஷ் பிரபு வரிசையில் புதிதாக உண்டாக்கப்பட்ட கடைசிப் பட்டமே 1898-இல் அவருக்குக் கொடுத்ததுதான். மூன்று மகள்கள், மகன் இல்லை. 1925-இல் அவரோடு அது முடிந்தது. பெண்களுக்கும் போகும்படி எழுதிய பட்டயங்கள் உண்டு, ஆனால் குறைவு. நீங்கள் அனுப்பிய குறிப்பைப் பார்த்தால் உங்களுடையது அந்த வகையல்ல. எனக்கு இந்த விதியில் கொஞ்சமும் மரியாதை இல்லை. ஆனாலும் விதி அதுதான்.

சரி, மாமனார் விஷயம். குடும்பப் பெரியவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இறந்த வைகவுண்டுக்கும் மாமனாருக்கும் பொதுவான முன்னோர் யார் என்று காட்டினால் மட்டும் போதாது. அந்த முன்னோருக்கும் மாமனாருக்கும் நடுவே மாமனாரின் கிளையைவிட மூத்த கிளைகள் ஒவ்வொன்றும் அற்றுப்போய்விட்டன என்றும் காட்ட வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன், இருப்பதை நிரூபிப்பது சுலபம், இல்லாததை நிரூபிப்பதில்தான் உயிர் போகும். உங்கள் வம்ச மரத்தில் மாமனாரின் கொள்ளுத் தாத்தாவுக்கு ஒரு அண்ணன் இருக்கிறார். பெயருக்குப் பக்கத்தில் ‘கனடா போனார்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அவர் அங்கே கல்யாணம் செய்துகொண்டாரா, ஆண் பிள்ளை பிறந்ததா, அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை உண்டா? அந்த இரண்டு சொற்களுக்குள் ஒரு முழு வாரிசுக் கிளை ஒளிந்திருக்கலாம்.

இப்படி நிரூபணம் முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும் பட்டங்கள் நிறைய. கில்கென்னி கோட்டைக்குச் சொந்தக்காரர்களாக இருந்த பட்லர் குடும்பத்தின் ஆர்மண்ட் ஏர்ல் பட்டம் 1328-இல் தொடங்கியது. 1997-இல் கடைசியாக இருந்தவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்த பின், ஏறக்குறைய அறுநூற்று எழுபது வருஷப் பட்டம் யார் பெயரிலும் ஏறாமல் நின்றுபோனது.

அயர்லாந்தில் பழைய ஆதாரம் தேடுவதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. 1922-இல் உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி போனது, உயில்கள் போயின, அரசுச் சபையாக இருந்த புராட்டஸ்டண்ட் சர்ச்சின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் பாதிக்கு மேல் போயின. கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகள் அந்தந்தக் கோயிலிலேயே இருந்ததால் தப்பித்தன; அவற்றை டப்ளின் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. பிரபு குடும்பங்கள் பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள். உங்கள் கணவரின் கிளை எந்தத் தலைமுறையில் கத்தோலிக்கர் ஆனது என்று மாமனாரிடம் கேளுங்கள். அதற்குப் பிந்திய தலைமுறைகளுக்கு ஆதாரம் கிடைப்பது எளிது, முந்தியவற்றுக்குச் சிரமம்.

1864-க்குப் பிறகு எல்லாப் பிறப்பும் இறப்பும் திருமணமும் அரசுப் பதிவில் இருக்கின்றன. கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணம் 1845 முதலே பதிவில் உண்டு. 1901, 1911 கணக்கெடுப்புப் படிவங்களையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பலர் மறந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது: டப்ளின் பத்திரப் பதிவகம். 1708 முதல் நடக்கிறது, 1922 தீ அதைத் தொடவில்லை. வசதியான குடும்பங்கள் கல்யாணத்துக்கு முன் சொத்து ஒப்பந்தம் எழுதி அங்கே பதிந்து வைப்பார்கள். சர்ச் பதிவேடு எரிந்துபோன கல்யாணத்துக்கு அந்த ஒப்பந்தமே சாட்சி சொல்லும்.

ஆதாரங்கள் சேர்ந்தால் மனுவை லண்டனுக்கு அனுப்ப வேண்டும், டப்ளினுக்கு அல்ல. ஐரிஷ் பட்டமாக இருந்தாலும் 2004-இலிருந்து பிரிட்டனில் நீதி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் பிரபுக்கள் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் அதிகாரபூர்வ அங்கீகாரம். மனுப் போட வேண்டியவர் மாமனார். நீங்களோ கணவரோ அவருக்காகப் போட முடியாது. அவருக்கு விருப்பம் இல்லையென்றால் இப்போதைக்கு அப்படியே விட்டுவிடலாம், அதனால் உரிமை அழிந்துவிடாது. ஆனால் சாட்சி சொல்லக்கூடிய வயதானவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதையாவது எழுதி வாங்கி வையுங்கள். ஐரிஷ் குடியரசைப் பொறுத்தவரை, அதன் அரசியல் சாசனத்தின் 40-ஆவது பிரிவின்படி அரசு யாருக்கும் பிரபு பட்டம் வழங்குவதில்லை. பரம்பரையாக வந்ததை வைத்துக்கொண்டு ஊரில் நடமாடலாம், அதற்கு மேல் அந்த நாட்டில் அதனால் எந்தச் சலுகையும் கிடையாது.

இனி மகன். இதை நீங்கள் ஒரு வரியில்தான் கேட்டிருந்தீர்கள். நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘சட்டப்படியான திருமணத்தில் பிறந்த’ என்ற சொற்கள் சும்மா போட்டவை அல்ல. இன்றைய அயர்லாந்தில் பெற்றோருக்குத் திருமணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் பிள்ளைக்குச் சொத்தில் ஒரே உரிமைதான். 1987-இல் சட்டமே கொண்டுவந்து அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டார்கள். பெற்றோர் பிற்பாடு திருமணம் செய்துகொண்டால் முன்னால் பிறந்த பிள்ளையும் முறையான பிள்ளை என்று அயர்லாந்து 1931-லேயே ஏற்றுக்கொண்டது, இங்கிலாந்து 1926-இல். ஆனால் இங்கிலாந்துச் சட்டம் பட்டத்தை மட்டும் விலக்கி வைத்தது. பிள்ளை பிறந்த பின் நடந்த கல்யாணம் அந்தப் பிள்ளைக்குப் பட்டத்தைக் கொண்டுவராது.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவருக்கே இது நடந்திருக்கிறது. திப்பு சுல்தானை வீழ்த்திய கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லி, பிறப்பால் ஐரிஷ் ஏர்ல். சீரங்கப்பட்டண வெற்றிக்காக 1799-இல் அவருக்கு மார்க்வெஸ் பட்டம் கொடுத்தார்கள், அதுவும் ஐரிஷ் வரிசையில். இங்கிலாந்துப் பட்டத்தை எதிர்பார்த்திருந்தவர், இது இரட்டை முலாம் பூசிய உருளைக்கிழங்கு என்று எரிச்சலோடு சொன்னார். அவருக்கு ஒரு பிரெஞ்சுப் பெண்ணிடம் ஐந்து பிள்ளைகள். 1794-இல் அவரையே மணந்துகொண்டார்; ஆனால் ஐந்து பேரும் அதற்கு முன்பே பிறந்துவிட்டார்கள். 1842-இல் அவர் இறந்ததும் மார்க்வெஸ் பட்டம் அற்றுப்போனது, பழைய ஏர்ல் பட்டம் தம்பிக்குப் போனது. மகன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உங்கள் நிலைமை இதற்கும் சற்று வித்தியாசமானது. உங்களுக்கு 2012-இல் ஒரு கல்யாணம் நடந்திருக்கிறது. அது சட்டப்படி செல்லுமா என்பதுதான் கேள்வி. அயர்லாந்தின் ஆன்ஸ்லி குடும்பத்தில் கிட்டத்தட்ட இதே கேள்வி எழுந்தது.

அந்தக் குடும்பத்தில் ரிச்சர்ட் ஆன்ஸ்லி என்று ஒருவர். அண்ணன் மகன் ஜேம்ஸ் என்ற சிறுவனை 1728-இல் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலியாக அனுப்பிவிட்டுத் தானே வாரிசு என்று உட்கார்ந்துகொண்டார் என்று அவர்மீது குற்றச்சாட்டு. பையன் பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து 1743-இல் டப்ளினில் வழக்குப் போட்டு ஜூரியின் தீர்ப்பையும் வாங்கினார், ஆனால் பட்டம் கைக்கு வருவதற்குள் 1760-இல் இறந்துவிட்டார். அடுத்த வருஷம் ரிச்சர்டும் இறந்தார். இப்போது ரிச்சர்டின் சொந்த மகன் ஆர்தர்மேலேயே சந்தேகம் வந்தது. ஆர்தர் பிறந்தது 1744. அவருடைய அம்மா ஜூலியானா டோனவனுக்கும் ரிச்சர்டுக்கும் ஊரறியத் திருமணம் நடந்தது 1752-இல். அதற்கு முன்பே 1741-இல் ரகசியமாகத் திருமணம் நடந்துவிட்டது என்று ஒரு சான்றுத் தாளைக் காட்டினார்கள். அந்தத் தாள் உண்மையா என்பதில்தான் எல்லாம் தொங்கியது.

ஆர்தருக்கு வர வேண்டிய பட்டங்கள் இரண்டு நாட்டைச் சேர்ந்தவை. வலென்ஷியா வைகவுண்ட் என்பது ஐரிஷ், ஆங்கிள்ஸி ஏர்ல் என்பது இங்கிலாந்து. அன்று அயர்லாந்துக்குத் தனியாக இருந்த டப்ளின் பிரபுக்கள் சபை சாட்சிகளைக் கேட்டு, 1741 திருமணம் உண்மை, இவர் வைகவுண்ட்தான் என்றது. லண்டன் பிரபுக்கள் சபை 1771-இல் அதே திருமணத்தை ஆராய்ந்து, நிரூபணம் ஆகவில்லை, ஏர்ல் பட்டம் கிடையாது என்றது. டப்ளின் மறுபடியும் விசாரித்தது, மறுபடியும் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆக ஒரே மனிதர், ஒரே அப்பா அம்மா. ஐரிஷ் கடலுக்கு ஒரு பக்கம் முறையான மகன், மறுபக்கம் இல்லை!

அவருடைய மகன் ஜார்ஜ் வலென்ஷியா பிரபு, 1802-லிருந்து இலங்கை, இந்தியா, செங்கடல் என்று நான்கு வருஷம் சுற்றியவர். அவரோடு 1844-இல் அந்த நேர்வழி முடிந்தது. ஆர்தர் பிற்பாடு வாங்கியிருந்த மவுண்ட்நாரிஸ் ஏர்ல் பட்டம் அற்றுப்போக, பழைய வைகவுண்ட் பட்டம் மட்டும் 17-ஆம் நூற்றாண்டில் பிரிந்த ஒரு கிளையைத் தேடிப் போனது. டஃபரின் கதையில் பார்த்த அதே கணக்கு.

இப்போது உங்கள் 2012-க்கு வருகிறேன். பதிவு செய்யாததால் கல்யாணம் செல்லாது என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். அது தவறு. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி பதிவு கட்டாயம்தான், ஆனால் பதியாததால் மட்டும் திருமணம் செல்லாமல் போகாது. உங்கள் பிரச்சினை வேறு. இந்துத் திருமணச் சட்டம் மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். இந்துவும் கிறிஸ்தவரும் அந்தச் சட்டத்தின் கீழ் செய்துகொள்ளும் திருமணம் செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. வெவ்வேறு மதத்தவர் செய்ய வேண்டியது, சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி நோட்டீஸ் கொடுத்து முப்பது நாள் காத்திருந்து அதிகாரி முன் கையெழுத்துப் போடுவது; அல்லது கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி செய்வது. மாலையும் தாலியும் மேளமும் மட்டும் இருந்தால், உறவுகள் கண்ணில் அது கல்யாணம். பட்டயத்தின் கண்ணில் அப்படி இல்லாமல் போகலாம்.

ஆனால் அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம். கோயிலில் திருமணம் நடத்த அனுமதி கேட்டபோது உங்கள் கணவரை முதலில் இந்து மதத்துக்கு மாறச் சொன்னார்களா? வெளிநாட்டு மாப்பிள்ளைகளிடம் பல இடங்களில் சுத்திச் சடங்கு செய்து ஒரு சான்றிதழ் கொடுத்து, இந்துப் பெயர் ஒன்றும் வைத்த பிறகே தாலி கட்ட விடுவார்கள். மாப்பிள்ளை அதை ஒரு சம்பிரதாயமாக நினைத்து மறந்திருப்பார். அப்படி நடந்திருந்தால், அது உண்மையான மாற்றம் என்று காட்ட முடிந்தால், அன்றே இருவரும் இந்துக்கள். 2012 திருமணம் அன்றிலிருந்தே செல்லும், 2015-இல் பிறந்த மகன் எந்தக் குறையும் இல்லாத வாரிசு. அது இல்லாவிட்டாலும் இன்னொரு வாதம் இருக்கிறது. திருமணம் செல்லாததாகவே இருந்தாலும், அது செல்லும் என்று பெற்றோர் நல்லெண்ணத்தோடு நம்பியிருந்தால் அந்தப் பிள்ளையை முறையான பிள்ளையாகக் கருதும் சட்டம் இங்கிலாந்தில் உண்டு. அது பொருந்த, பிள்ளை பிறந்தபோது அப்பாவின் நிரந்தர வாசம் எந்த நாட்டில் என்ற கேள்வி வரும். கணவர் அயர்லாந்தை விட்டே போகாதவர் என்றால் இந்த வாதத்தை நம்பி நான் பணம் செலவு செய்யமாட்டேன்.

இரண்டும் கைகொடுக்காவிட்டால், மாமனாரும் கணவரும் பட்டம் வகிக்கலாம். கணவருக்குப் பின் மகனைத் தாண்டி வேறு கிளைக்குப் போகும். 2016-க்குப் பிறகு உங்களுக்கு இன்னொரு மகன் பிறந்தால் அவனுக்குப் போகும். இதை மகனிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கவலைப்படுவீர்கள். தாத்தாவின் வீட்டிலோ அப்பாவின் சேமிப்பிலோ அவன் உரிமை கொஞ்சமும் குறையவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். அவன் இழப்பது பெயருக்கு முன்னால் போடும் ஒரு சொல்லை மட்டும்தான்.

உண்மையில் பட்டத்தோடு வேறு எதுவும் வருவதும் இல்லை. பட்டம் பட்டயத்தின்படி போகும், சொத்து உயிலின்படி போகும். டஃபரின் குடும்பத்தின் கிளாண்டிபாய் எஸ்டேட் ஆஸ்திரேலிய உறவினருக்குப் போகவில்லை. ஷெரிடனின் மனைவியிடமே இருந்தது, 2020-இல் அவர் இறக்கும்வரை. பெரிய ஐரிஷ் எஸ்டேட்டுகளின் நிலங்களை 1903 சட்டத்துக்குப் பிறகு குத்தகைக்காரர்களே வாங்கிக்கொண்டுவிட்டார்கள். கில்கென்னி கோட்டையைப் பராமரிக்க முடியாமல் 1967-இல் ஐம்பது பவுனுக்கு ஊர்மக்களிடம் கொடுத்துவிட்டார்கள். உங்கள் வைகவுண்ட் உயில் எழுதியிருந்தால் அதில் மாமனார் பெயர் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். அதற்கும் பட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. லண்டன் பிரபுக்கள் சபையில் இடமும் கிடையாது. இணைப்புக்குப் பின் ஐரிஷ் பிரபுக்கள் தங்களுக்குள் 28 பேரை ஆயுளுக்கும் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். 1922-க்குப் பின் அந்தத் தேர்தலே நடக்கவில்லை, அப்படிப் போனவர்களில் கடைசி ஆளும் 1961-இல் இறந்துவிட்டார்.

இணைய வியாபாரம் பற்றி நான்கு வரி போதும். பிரபு பட்டத்தை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. அவர்கள் விற்பது ஒரு சதுர அடி நிலத்துக்கான நினைவுத் தாளாக இருக்கும், அல்லது பழைய ஜமீன் உரிமை போன்ற ஒரு பெயராக இருக்கும். எதைக் காட்டினாலும் பதிவேட்டில் பெயர் ஏறாது. அந்தப் பணத்தில் பிள்ளைகளை ஒருமுறை மதுரைக்குக் கூட்டிப் போய் வாருங்கள்.

அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். எல்லாம் கூடி வந்தாலும் முதலில் ‘லேடி’ ஆகப்போவது உங்கள் மாமியார்தான். உங்கள் முறை அப்புறம்.

வம்சாவளி ஆராய்ச்சியாளருக்கு இப்போதே முன்பணம் கட்ட வேண்டாம். மாமனாரிடம் பேசி, அவருக்கே இதில் விருப்பமா என்று கேளுங்கள். ஆமென்றால், பட்டங்கள், வம்சாவளிகள் பற்றிய ஆவணங்களை வைத்திருக்கும் லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸுக்கு எழுதி, பட்டயத்தின் வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் வாங்குங்கள், சுருக்கம் வேண்டாம். கனடா போன அண்ணனை அடுத்துத் தேடலாம். இதற்கிடையில் மதுரையில் யாரையாவது அந்தக் கோயில் அலுவலகத்துக்கு அனுப்பி, 2012 திருமணப் பதிவேட்டின் நகலையும், கட்டணம் கட்டிய ரசீதையும் எடுத்து வரச் சொல்லுங்கள். மணமகன் பெயர் என்று என்ன எழுதியிருக்கிறது, மதம் என்ற கட்டம் இருந்தால் அதில் என்ன போட்டிருக்கிறது, கூடவே ஏதாவது சான்றிதழ் இணைத்திருக்கிறார்களா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு மகனைப் பற்றி இன்னும் உறுதியாகச் சொல்கிறேன்.